எம்.எஸ்.எஃப் பைக் தொடக்க வகுப்பு: ஊரில் ஓட்டிய பழக்கம் உதவுமா? என்னென்ன போட்டுக்கொண்டு போக வேண்டும்?

டல்லாஸ்_செல்வா

எல்லோருக்கும் வணக்கம். டல்லாஸ் பக்கம் பிளேனோவில் இருக்கிறேன். ஜூலை கடைசியில் எம்.எஸ்.எஃப் (மோட்டார்சைக்கிள் சேஃப்டி ஃபவுண்டேஷன்) தொடக்க வகுப்புக்குப் பணம் கட்டியிருக்கிறேன். டெக்சாஸில் பைக்குக்கான எம் வகுப்பு லைசென்ஸ் வேண்டுமென்றால் எந்த வயதுக்காரரும் அங்கீகாரம் பெற்ற வகுப்பு ஒன்றை முடித்தே ஆக வேண்டும். கார் லைசென்ஸ் ஏற்கெனவே இருப்பதால் சான்றிதழைக் காட்டினால் ரோடு டெஸ்ட் கிடையாது என்கிறார்கள்.

மதுரையில் காலேஜ் நாளிலிருந்து ஸ்பிளெண்டர், அப்புறம் யூனிகார்ன் ஓட்டியவன். இங்கே வந்த பிறகு கார் மட்டும்தான். பதிவு செய்ததும் மின்னஞ்சலில் உடை பற்றி ஒரு நீளமான பட்டியல் வந்தது. சந்தேகங்கள் இவைதான். என்னிடம் ஐ.எஸ்.ஐ முத்திரை உள்ள ஹெல்மெட் இருக்கிறது, போன முறை ஊரிலிருந்து கொண்டுவந்தேன், புதுசு. அதை ஒத்துக்கொள்வார்களா? கணுக்காலை மூடும் ஷூ வேண்டும் என்கிறார்கள். உயரமான கேன்வாஸ் ஷூ ஒன்று இருக்கிறது, போதுமா? கிளவுஸ் விரல் வெட்டியது, ஜிம்முக்கு வாங்கியது. ஜூலை வெயிலில் ஜீன்ஸும் முழுக்கையும் போட்டுக்கொண்டு தார்த்தரையில் நிற்க முடியுமா என்பதும் கவலை.

கடைசியாக ஒன்று. வகுப்புக்கு மட்டும் மலிவாக வாங்கிக்கொள்ளலாமா, இல்லை இப்போதே நல்லதாக வாங்கிவிடுவதா?

ரேஞ்ச்கோச்

செல்வா தம்பி, நான் நியூஜெர்சியில் வார இறுதிகளில் இந்த வகுப்பை எடுக்கிறேன். உங்கள் பட்டியலில் மூன்றும் வாசலிலேயே நிற்கும்: ஹெல்மெட், ஷூ, கிளவுஸ். முதலிலேயே கேட்டது நல்லது. உடை சரியில்லை என்றால் ரேஞ்சில், அதாவது ஓட்டிப் பழகும் திடலில், விட எங்களுக்கு அனுமதி இல்லை. பெரும்பாலான இடங்களில் கட்டிய பணமும் திரும்ப வராது.

ஹெல்மெட்டில் ஆரம்பிப்போம். அமெரிக்காவில் கேட்பது டி.ஓ.டி (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) முத்திரை. எஃப்.எம்.வி.எஸ்.எஸ் 218 என்ற மத்திய அரசுத் தரத்துக்கு இது பொருந்துகிறது என்று தயாரிப்பாளர் உறுதி சொல்கிறார் என்பதற்கான அடையாளம் அது. ஐ.எஸ்.ஐ என்பது இந்தியாவின் ஐ.எஸ் 4151 தரம். உங்கள் ஹெல்மெட் மோசம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் பின்பக்கம் டி.ஓ.டி இல்லையென்றால் இங்கே செல்லாது. ஐரோப்பாவில் வாங்கிய இ.சி.இ முத்திரை மட்டும் உள்ள ஹெல்மெட்டுக்கும் இதே கதைதான். இந்தியத் தயாரிப்புகளிலேயே ஏற்றுமதிக்காக டி.ஓ.டி போட்டு வருபவை உண்டு, அதனால் எறியும் முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 2013-க்குப் பிறகு செய்த ஹெல்மெட் என்றால் அந்த ஸ்டிக்கரில் டி.ஓ.டி என்பதோடு தயாரிப்பாளர் பெயர், மாடல், எஃப்.எம்.வி.எஸ்.எஸ் 218, சர்டிஃபைடு என்ற சொல் எல்லாம் இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. டி.ஓ.டி என்பது தயாரிப்பாளர் தானே கொடுக்கும் உறுதி. அரசு பிறகு கடையிலிருந்து சிலவற்றை எடுத்துச் சோதிக்கும். அதனால் ஆன்லைனில் அந்த எழுத்துகளை ஒட்டிய பொம்மை ஹெல்மெட்டுகளும் கிடைக்கின்றன. கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும். நல்ல ஹெல்மெட் பெரும்பாலும் மூன்று பவுண்டு சுற்றி இருக்கும், உள்ளே ஒரு அங்குல அளவுக்குக் கெட்டியான தெர்மோகோல் போன்ற பகுதி இருக்கும். ஒரு பவுண்டுக்கும் குறைவாக இருந்து உள்ளே வெறும் பஞ்சு என்றால் வேண்டவே வேண்டாம்.

ஷூ: கேன்வாஸ் கூடாது, எவ்வளவு உயரமாக இருந்தாலும். கணுக்கால் எலும்பு மூடியிருக்க வேண்டும், அடிப்பாகம் வழுக்கக் கூடாது, ஹீல் உயரமாக இருக்கக் கூடாது. மலையேறப் போடும் தோல் ஷூ, தொழிலாளர்கள் போடும் பூட்ஸ் இரண்டும் சரி. லேஸை உள்ளே செருகிவிடுங்கள், கியர் லீவரில் மாட்டிக்கொள்ளும்.

கிளவுஸ்: பத்து விரலும் மூடியிருக்க வேண்டும், தோல் என்றால் நல்லது. பேண்ட்: முழு நீள ஜீன்ஸ் அல்லது அதைவிட கெட்டியானது. கிழிசல் ஃபேஷன் ஜீன்ஸ், லெக்கிங்ஸ், டிராக் பேண்ட் எதுவும் கூடாது. மேலே முழுக்கை. கண்ணுக்கு வைசரோ கண்ணாடியோ ஏதாவது ஒன்று கட்டாயம்.

பல இடங்களில் இரவல் ஹெல்மெட் வைத்திருக்கிறார்கள், ஆனால் அளவு கிடைக்குமா என்பது அன்றைய அதிர்ஷ்டம். தொளதொளவென்ற ஹெல்மெட்டோடு தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் பயிற்சி செய்வது கஷ்டம்.

பிட்ஸ்பர்க்_மீனா

கோச் சார் சொன்னதோடு பெண்களுக்கானதையும் சேர்த்துவிடுகிறேன். அந்த மின்னஞ்சலில் இதெல்லாம் இருக்காது.

கொண்டை போட்டால் ஹெல்மெட் இறங்காது. கழுத்துக்குக் கீழே தொடங்கும் மாதிரி தளர்வாகச் சடை பின்னி, அதை ஜாக்கெட்டுக்கு உள்ளே விட்டுவிடுங்கள். ஜிமிக்கி, வளையம் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். ஹெல்மெட்டைக் கழற்றும்போது காது அறுந்துவிடும். சின்னத் தோடுகூட பின்பக்கத் திருகு குத்தும், அதனால் கழற்றிவிடுவது உத்தமம். கழுத்துச் சங்கிலி சட்டைக்கு உள்ளே. துப்பட்டா, ஸ்கார்ஃப் எதுவும் வேண்டாம், செயினில் போய்ச் சுற்றும்.

கிளவுஸ் பெண்களுக்கான அளவிலேயே வாங்குங்கள். ஆண்களின் சின்ன சைஸ் வாங்கினால் விரல் நுனியில் அரை அங்குலம் காலியாக நிற்கும், கிளச் பிடிக்கும்போது அது மடங்கித் தொல்லை கொடுக்கும்.

பென்சில்வேனியாவில் இருப்பவர்களுக்கு: இங்கே மாநிலமே இந்த வகுப்பை இலவசமாக நடத்துகிறது. எம் வகுப்பு பெர்மிட்டோ (நம் ஊர் எல்.எல்.ஆர் மாதிரி) லைசென்ஸோ கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் முதலில் அறிவுத்தேர்வு எழுதி பெர்மிட் வாங்குங்கள். வகுப்பில் தேறினால் தனியாக ரோடு டெஸ்ட் இல்லை.

பல்சர்காரன்

நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கோயம்புத்தூரில் பல வருஷம் தினமும் அவினாசி ரோட்டில் ஓட்டியவன். பஸ், ஆட்டோ, குறுக்கே வரும் மாடு எல்லாவற்றையும் சமாளித்த ஆளுக்கு, காலியான பார்க்கிங் இடத்தில் கூம்பு வைத்து மணிக்கு 20 மைல் வேகத்தில் ஓட்டச் சொல்லும் வகுப்பு ஒரு சம்பிரதாயம்தான். ஆர்.டி.ஓ.வில் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கியவர்கள் இங்கேயும் தேறிவிடுவார்கள்.

உடையும் அப்படித்தான். அந்த வேகத்துக்கு 400 டாலர் ஜாக்கெட் எதற்கு? ஹார்டுவேர் கடையில் 20 டாலருக்குத் தோல் கிளவுஸ் கிடைக்கிறது, பழைய பூட்ஸ் வீட்டில் இருக்கும். வகுப்பை முடித்துவிட்டு, ஓட்டப் பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செலவு செய்யலாம். செல்வா, இப்போது மலிவாகவே வாங்குங்கள்.

ரேஞ்ச்கோச்

பல்சர்காரன், கிளவுஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். விரல் முழுசாக மூடிய தோல் வேலைக் கிளவுஸ் எங்கள் ரேஞ்சில் செல்லும். ஜாக்கெட்டும் கட்டாயமில்லை, கெட்டியான முழுக்கைச் சட்டை போதும்.

மற்றதில் எனக்கு உடன்பாடில்லை. ஊரில் நன்றாக ஓட்டியவர்கள் இந்த வகுப்பில் திணறுவதை நிறையப் பார்க்கிறேன். வண்டியைத் தொடாமல் வந்த ஆள் சொன்னதைச் செய்துவிடுவார். பழகிய கைக்கு அது லேசில் வராது. எங்கே திணறுவார்கள் என்று சொல்கிறேன், செல்வாவுக்கும் உதவும்.

முதலாவது பிரேக். ஊரில் மண்ணிலும் மழையிலும் முன் பிரேக்கைப் பிடித்து விழுந்துவிடுவோம் என்று பயந்து கால் பிரேக்கையே நம்பி வளர்ந்திருக்கிறோம். ஆனால் நிறுத்தும் சக்தியில் 70 சதவீதமும் அதற்கு மேலும் முன் பிரேக்கில்தான் இருக்கிறது. திடீர் பிரேக் பயிற்சியில் இரண்டையும் சேர்த்து, முன்னதைப் படிப்படியாக இறுக்க வேண்டும். கால் பிரேக்கை மட்டும் மிதித்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுக்கும், தூரமும் கூடும். நிற்கும்போது முதல் கியரில் நிற்க வேண்டும் என்பதும் அதே பயிற்சியின் பகுதி.

இரண்டாவது விரல்கள். ஓட்டும்போது எப்போதும் இரண்டு விரல் பிரேக் லீவர் மேலே, இரண்டு விரல் கிளச் மேலே என்பது நம் ஊர் நெரிசல் கற்றுக்கொடுத்த வழக்கம். இங்கே தொடக்க வகுப்பில் நான்கு விரலும் கைப்பிடியில் இருக்கச் சொல்வோம், பிடிக்கும்போது நான்கு விரலாலும் பிடிக்கச் சொல்வோம். அந்தக் கட்டத்தில் ஒரே சமயத்தில் ஆக்சிலரேட்டரைத் திருகிக்கொண்டே பிரேக்கையும் பிடிக்கிறவர்கள் அதிகம். அதைத் தவிர்க்கத்தான் இந்த விதி.

மூன்றாவது கியர். ஸ்பிளெண்டரில் எல்லாக் கியரும் முன்னால் மிதித்தால் விழும். இங்கே ஒன்று கீழே, மற்றதெல்லாம் மேலே, நியூட்ரல் இரண்டுக்கும் நடுவில். யூனிகார்ன், பல்சர் ஓட்டியவர்களுக்குப் பிரச்சினை இல்லை. ஸ்பிளெண்டர் கால்கள் பதற்றத்தில் முதல் கியருக்குத் தள்ளிவிடும்.

நான்காவதுதான் மிகக் கடினம்: பார்வை. எட்டு போடும்போது முன் சக்கரத்தையும் தரையில் போட்ட கோட்டையும் பார்த்தே ஓட்டியிருப்போம். இங்கே யு திருப்பத்தில் முகத்தைத் திருப்பி, வெளியேறப் போகிற இடத்தைப் பார்க்க வேண்டும். வண்டி பார்வை போகும் பக்கம் போகும். ஆஃப் கிளச் (கிளச்சைப் பாதி பிடித்தபடி ஓட்டுவது) தெரிந்தவர்களுக்கு மெதுவாக ஓட்டும் பயிற்சிகள் எளிது, அதில் உங்கள் அனுபவம் நிச்சயம் உதவும். ஆனால் தலை கீழே போனால் காலும் கீழே போகும்.

இன்னொன்று. 1981-ல் வெளியான ஹர்ட் அறிக்கை லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து எழுதியது. விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தாமாகவோ, குடும்பத்தாரிடமோ நண்பர்களிடமோ கற்றவர்கள். நாம் அண்ணனிடமும் மாமாவிடமும் கற்றுக்கொண்டதும் அப்படித்தான். நெரிசலைச் சமாளிப்பது வேறு திறமை, அது உங்களிடம் இருக்கிறது. மணிக்கு 45 மைலில் போகும்போது எதிரே வரும் கார் உங்களுக்குக் குறுக்கே இடப்பக்கம் திரும்பினால் வண்டியை ஒடித்து விலக்குவது வேறு. அதற்கு இடப்பக்கம் போக வேண்டுமானால் இடது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். இதை வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ரேஞ்சில் செய்து பார்த்தால்தான் உடம்புக்குப் புரியும்.

நர்ஸ்_அனு

அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன், பைக்கும் ஓட்டுகிறேன். 20 மைல் வேகம்தானே என்ற பேச்சுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போகிறேன்.

விழும்போது யாரும் யோசித்து விழுவதில்லை. கை தானாக முன்னால் நீளும். உள்ளங்கைத் தோல் போனால் சாப்பிட, உடுத்த, கழுவ எல்லாவற்றுக்கும் இன்னொருவர் வேண்டும். தார்த் துகள் உள்ளே புதைந்திருந்தால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். அடுத்து கணுக்கால். நின்ற இடத்தில் வண்டி சாய்ந்தாலே போதும், முந்நூறு பவுண்டுக்கு மேலான எடை கணுக்காலில் இறங்கும். வகுப்பில் ஆகும் விழுதல்களில் பெரும்பாலானவை இந்த மாதிரி மெதுவானவைதான். பூட்ஸும் கிளவுஸும் ஏன் கட்டாயம் என்பதற்குக் காரணம் இது.

என் கருத்து: ஹெல்மெட், பூட்ஸ், கிளவுஸ் இந்த மூன்றையும் வகுப்புக்கு முன்னாலேயே நல்லதாக வாங்குங்கள். ரேஞ்சில் பழகிய கிளவுஸிலேயே ரோட்டில் கிளச் பிடித்தால் கைக்கு அது தெரியும். புதுக் கிளவுஸ், புது வண்டி, புது ரோடு மூன்றும் ஒரே நாளில் வேண்டாம். ஜாக்கெட்டும் பேண்டும் பிறகு வாங்கலாம், ஆனால் ரோட்டில் இறங்கும் முன். சாதாரண ஜீன்ஸ் தார் ரோட்டில் வழுக்கும்போது நொடியில் தேய்ந்து போகும். ரேஞ்சில் அதை அனுமதிப்பதை வைத்து ரோட்டுக்கும் அது போதும் என்று முடிவு செய்யாதீர்கள்.

ஹூஸ்டன்_பாலா

டெக்சாஸில் 21 வயதுக்கு மேல் இந்த வகுப்பை முடித்திருந்தாலோ மருத்துவக் காப்பீடு இருந்தாலோ ஹெல்மெட் போட வேண்டிய கட்டாயமே இல்லை. அப்படியிருக்க ஹெல்மெட்டுக்கு ஏன் இவ்வளவு செலவு என்று என் அறைத்தோழர் கேட்கிறார். இல்லினாய், அயோவா, நியூ ஹாம்ப்ஷயர் மூன்றிலும் பெரியவர்களுக்கு ஹெல்மெட் சட்டமே கிடையாது என்றும் சொல்கிறார். சட்டப்படி சரிதானே?

நர்ஸ்_அனு

சட்டப்படி சரி. வகுப்பில் மட்டும் எந்த மாநிலமாக இருந்தாலும் விலக்கு இல்லை. ஆனால் சட்டம் விட்டுக்கொடுப்பதால் தலை கெட்டியாகிவிடாது. விபத்தில் ஓட்டுநர் இறப்பதை ஹெல்மெட் 37 சதவீதம் குறைக்கிறது என்பது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் கணிப்பு. பின்னால் உட்கார்ந்து வருபவருக்கு அது 41 சதவீதம். உங்கள் அறைத்தோழரிடம் இந்த இரண்டு எண்ணையும் சொல்லுங்கள் பாலா. டபுள்ஸ் ஏற்றும் எண்ணம் இருந்தால் இரண்டாவது ஹெல்மெட்டும் சேர்த்து வாங்கச் சொல்லுங்கள். தலைக்காயத்தோடு வருபவரின் குடும்பம் அறைக்கு வெளியே காத்திருக்கும் வேளையில் எந்த மாநிலத்தில் எந்தச் சட்டம் என்பது யாருக்கும் நினைவிருக்காது.

டல்லாஸ்_செல்வா

அனு, கோச் அண்ணா, இருவருக்கும் நன்றி. ஹெல்மெட், பூட்ஸ், கிளவுஸ் மூன்றையும் இந்த வாரமே வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். ஹெல்மெட் அளவு எப்படிப் பார்ப்பது? ஊரில் போட்டுப் பார்த்து, ஆட்டினால் கழன்று விழவில்லை என்றால் வாங்கிவிடுவோம். பவர் கண்ணாடி போடுகிறேன், அதற்கும் ஏதாவது பார்க்க வேண்டுமா?

ரேஞ்ச்கோச்

புருவத்துக்கு ஒரு விரற்கடை மேலே, காதுக்கு மேலாகத் தலையைச் சுற்றி டேப் வைத்து அளந்து, அந்தத் தயாரிப்பாளரின் அட்டவணையைப் பாருங்கள். ஒருவருடைய மீடியம் இன்னொருவருடைய லார்ஜாக இருக்கும். போட்ட பிறகு கன்னம் லேசாக அழுந்த வேண்டும். ஹெல்மெட்டைப் பிடித்து இடம் வலம் ஆட்டினால் முகத் தோலும் கூடவே நகர வேண்டும். கடையிலேயே கால் மணி நேரம் போட்டுக்கொண்டு நில்லுங்கள். நெற்றியில் ஒரே புள்ளியில் வலித்தால் அந்த ஹெல்மெட் உங்கள் தலையின் வடிவத்துக்கானது இல்லை, பெரிய அளவு எடுத்தும் பயனில்லை. வேறு மாடல் பாருங்கள். உள்ளே இருக்கும் பஞ்சு ஓட்ட ஓட்டக் கொஞ்சம் தளரும், அதனால் கடையில் வசதியாகத் தொளதொளவென்று இருப்பது பின்னால் பெரிதாகிவிடும்.

கண்ணாடிக்கு: கடைக்குப் போகும்போது போட்டுக்கொண்டே போங்கள். ஹெல்மெட்டை முதலில் மாட்டி, பிறகு கண்ணாடியைச் செருக வேண்டும். காதோரத்தில் அதற்கான பள்ளம் விட்டுச் செய்த ஹெல்மெட்டுகள் உண்டு. முன்பக்கம் தூக்கித் திறக்கும் வகையும் கண்ணாடிக்காரர்களுக்கு வசதி. முகம் திறந்த ஹெல்மெட்டை ரேஞ்சில் ஒத்துக்கொள்வோம், ஆனால் நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. தாடையும் பல்லும் மறுபடி முளைக்காது.

பழைய ஹெல்மெட் யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஒருமுறை அடிபட்டிருந்தால் வெளியே தெரியாமல் உள்ளே நசுங்கியிருக்கும். அடிபடாவிட்டாலும் ஐந்து வருஷத்தில் மாற்றுவது நல்லது என்பதே பொதுவான பரிந்துரை.

எடிசன்_வாசுகி

என் உயரம் ஐந்தடிக்கும் கீழே. ஊரில் ஸ்கூட்டி மட்டும்தான் ஓட்டியிருக்கிறேன், கியர் வண்டி தொட்டதில்லை. கால் எட்டாமல் எல்லோர் முன்னாலும் வண்டியைக் கீழே போட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. வீட்டில் அவர் வேண்டாம் என்கிறார். என்னைப் போன்றவர்கள் போகலாமா அக்கா?

பிட்ஸ்பர்க்_மீனா

வாசுகி, தாராளமாகப் போங்கள். சைக்கிளில் சமநிலை தெரிந்தால் போதும் என்று தொடங்கும் வகுப்பு இது. முதல் பயிற்சியில் வண்டியை ஓட்டவே விட மாட்டார்கள். உட்கார்ந்து கிளச்சைக் கொஞ்சமாக விட்டுவிட்டுப் பிடித்து முன்னும் பின்னும் அசைப்பதுதான். அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறும்.

உயரத்துக்கு வழி: காலையில் சீக்கிரம் போய் வண்டியைத் தேர்ந்தெடுங்கள். எல்லாம் அவர்கள் கொடுக்கும் சின்ன வண்டிகள்தான். ஹோண்டா ரெபெல் 300 இருந்தால் அதன் சீட் உயரம் 27 அங்குலம் சொச்சம்தான், ஊர் ஸ்பிளெண்டரே அதைவிட உயரம். மண் சாலை வண்டி மாதிரி உயரமாக நிற்பவற்றை விட்டுவிடுங்கள். பூட்ஸின் அடிப்பாகம் கொஞ்சம் கெட்டியாக இருந்தால் இன்னும் சுலபம். எடை மட்டும் ஸ்கூட்டியைப் போல இருக்காது. திரும்பி நிறுத்தும்போது கைப்பிடியை நேராக்கிவிட்டுப் பிரேக் பிடித்தால் சாயாது.

வீட்டில் சொல்லுங்கள்: ஒரு மூத்த பயிற்சியாளரும் கூட ஒருவரும் கண்முன்னே நிற்கும் மூடிய இடத்தில் கற்பதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. இருவரும் சேர்ந்து பதிவு செய்தால் இன்னும் நல்லது.

ரேஞ்ச்கோச்

மீனா சொன்னதோடு ஒரு வரி. பயிற்சியின்போது வண்டி சாய்ந்தால் ஒன்றும் ஆகாது, தூக்கி நிறுத்திவிட்டுத் தொடரலாம். இறுதித் தேர்வில் சாய்த்தால்தான் தோல்வி. நடுவில் பயிற்சியாளர் உங்களைக் கூப்பிட்டு இன்று போதும் என்று சொன்னாலும் அவமானமாக நினைக்க வேண்டாம் வாசுகி. உங்களுக்கோ பக்கத்தில் ஓட்டுபவருக்கோ ஆபத்து என்று பட்டால்தான் சொல்வோம். அப்படிப் போனவர்கள் கொஞ்சம் சைக்கிள் ஓட்டிப் பழகிவிட்டு வந்து நன்றாகத் தேறியிருக்கிறார்கள்.

ஆஸ்டின்_ரவி

வெயிலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. டெக்சாஸ் ஜூலையில் வகுப்பில் தோற்கிறவர்களை நான் பார்த்த வரையில், பிற்பகலில் உடம்பு சோர்ந்து கவனம் போவதுதான் காரணம். தலை வலிக்க ஆரம்பித்தால் சொன்ன கட்டளை காதில் ஏறாது.

முந்தின நாளிலிருந்தே தண்ணீர் குடியுங்கள், ரேஞ்சுக்குப் போன பிறகு தொடங்கினால் தாமதம். ஒரு குளிர்பெட்டியில் தண்ணீர், உப்பு போட்ட மோர் அல்லது எலக்ட்ரோலைட். மோர் நன்றாக வேலை செய்கிறது. வெளிர் நிறத்தில் காட்டன் முழுக்கை, அதற்குமேல் வலை மாதிரி காற்று புகும் மெஷ் ஜாக்கெட் இருந்தால் அது. சட்டையை இடைவேளையில் நனைத்துக்கொண்டு மேலே ஜாக்கெட் போட்டால் ஓடும்போது குளிர்ச்சியாக இருக்கும். கழுத்தின் பின்புறம் சன்ஸ்கிரீன் மறக்க வேண்டாம். இடைவேளையில் ஹெல்மெட்டைக் கழற்றி நிழலில் வையுங்கள், தரையில் கவிழ்த்து வைத்தால் உள்ளே அடுப்பு மாதிரி கொதிக்கும்.

மழை வந்தாலும் வகுப்பு நடக்கும், இடி மின்னல் என்றால்தான் நிறுத்துவார்கள். மாற்றுச் சாக்ஸும் இன்னொரு ஜோடி கிளவுஸும் காரில் இருக்கட்டும். ஹார்டுவேர் கடைக் கிளவுஸுக்கு அதுதான் சரியான வேலை, பல்சர்காரன்.

பல்சர்காரன்

ரவி, அதை ஏற்றுக்கொள்கிறேன். கோச் சொன்ன பிரேக் விஷயத்தையும் யோசித்தேன்; கால் பிரேக்கை முதலில் மிதிப்பதுதான் என் வழக்கம். ஆனாலும் ஜாக்கெட்டில் என் நிலைப்பாடு மாறவில்லை. ஓட்டுவார்களா என்றே தெரியாதவர்களை 400 டாலர் செலவு செய்யச் சொல்வது நியாயமில்லை. செலவுக்குப் பயந்து வகுப்புக்கே போகாமல் விட்டுவிடுவார்கள்.

சான்ஹோசே_இனியன்

ஜாக்கெட் 400 டாலர் ஆக வேண்டியதில்லை. விலையைவிட உள்ளே இருக்கும் சீட்டைப் படியுங்கள். ஐரோப்பியத் தரம் இ.என் 17092 என்று போட்டிருக்கும். ஏஏஏ, ஏஏ, ஏ என்று மேலிருந்து கீழே தேய்மானம் தாங்கும் வகுப்புகள். தோளிலும் முழங்கையிலும் இருக்கும் கவசத்துக்கு இ.என் 1621-1, அதில் லெவல் 1, லெவல் 2. ஏஏ வகுப்பு மெஷ் ஜாக்கெட் போன வருஷத்து நிறத்தில் குளிர்காலத் தள்ளுபடியில் பாதி விலைக்குக் கிடைக்கும். நிறைய ஜாக்கெட்டுகளில் முதுகுப் பகுதியில் வெறும் ஸ்பாஞ்ச்தான் வரும், அதைத் தனியாக வாங்கி மாற்ற வேண்டியிருக்கும்.

கலிபோர்னியாக்காரர்களுக்கு: இங்கே 21 வயதுக்குக் கீழே இருந்தால் வகுப்பு கட்டாயம். மேலே இருந்தால் லைசென்ஸ் கொடுக்கும் டி.எம்.வி.யில் நேரடியாக டெஸ்ட் கொடுக்கலாம், ஆனால் அந்தச் சாவித்துளை வடிவ வட்டத்தைச் சொந்த வண்டியில் சுற்றிக் காட்ட வேண்டும். வகுப்புச் சான்றிதழ் இருந்தால் அது வேண்டாம். நெடுஞ்சாலைக் காவல் துறையின் மேற்பார்வையில் நடக்கும் மாநில வகுப்பு இது, பாடத்திட்டம் எம்.எஸ்.எஃப் உடையது இல்லை. உடை விதி ஏறக்குறைய ஒன்றுதான்.

டல்லாஸ்_செல்வா

ஆன்லைன் பாடம் ஒன்று முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதில் கவனிக்க வேண்டியது என்ன?

ரேஞ்ச்கோச்

மூன்று மணி நேரம் போல ஆகும். முந்தின நாள் இரவு வைத்துக்கொள்ளாதீர்கள். முடித்ததும் வரும் சான்றிதழை அச்செடுத்தோ போனிலோ கொண்டுபோக வேண்டும், அது இல்லாமலும் வகுப்பில் உட்கார முடியாது. அப்புறம் வகுப்பறையில் ஐந்து மணி நேரம், ரேஞ்சில் பத்து மணி நேரம் என்று இரண்டு நாளில் பிரித்து நடக்கும். ஐந்து நிமிடம் தாமதமானாலும் திருப்பி அனுப்பும் இடங்கள் உண்டு.

பாடத்தில் ஃபைன்-சி என்ற கிளப்பும் வரிசை வரும்: எரிபொருள், சாவி, நியூட்ரல், எஞ்சின் நிறுத்தும் சிவப்பு ஸ்விட்ச், கிளச் அல்லது சோக். அந்தச் சிவப்பு ஸ்விட்சை நம் ஊர் வண்டிகள் பலவற்றில் பார்த்திருக்க மாட்டீர்கள். வண்டி கிளம்பவில்லை என்று கை தூக்குகிறவர்களில் பாதிப் பேருக்கு அதுதான் அணைந்திருக்கும். ஓட்டும் முன் வண்டியைச் சரிபார்க்கும் டி-கிளாக்ஸ் பட்டியலையும் படித்து வையுங்கள்: டயர், கட்டுப்பாடுகள், விளக்கு, ஆயில், சேஸி, ஸ்டாண்டு.

தேறியதும் கையில் வருவது சான்றிதழ், லைசென்ஸ் இல்லை. அதைக் கொண்டுபோய் டெக்சாஸில் லைசென்ஸ் கொடுக்கும் டி.பி.எஸ் அலுவலகத்தில் எம் சேர்த்த பிறகே ரோட்டில் ஓட்டலாம்.

ஹாரிஸ்பர்க்_தேவா

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். பென்சில்வேனியா பெர்மிட் வாங்கிவிட்டேன், ஆனால் என் பக்கத்தில் இலவச வகுப்பு எல்லாம் இந்த சீசனுக்கு நிரம்பிவிட்டது என்று காட்டுகிறது. அடுத்த வருஷம் வரை காத்திருப்பதுதான் வழியா மீனா அக்கா?

பிட்ஸ்பர்க்_மீனா

வேண்டாம் தேவா. பதிவு செய்தவர்கள் கடைசி நேரத்தில் ரத்து செய்துகொண்டே இருப்பார்கள், வாரக் கடைசிக்கு முந்தின இரண்டு நாட்கள் தளத்தைத் திறந்து பார்த்துக்கொண்டே இருங்கள். கொஞ்ச தூரம் காரில் போகத் தயாராக இருந்தால் பக்கத்து ஊர் வகுப்புகளையும் சேர்த்துத் தேடுங்கள், ஊருக்கு வெளியே உள்ள இடங்களில் கூட்டம் குறைவு. சில இடங்களில் பதிவு செய்தவர் வராவிட்டால் நேரில் காத்திருப்பவரைச் சேர்த்துக்கொள்வார்கள். உங்கள் பக்கத்து இடத்தில் அப்படி உண்டா என்று போன் செய்து கேட்டுவிட்டு, வகுப்பு தொடங்க அரை மணி நேரம் முன்னால் போய் நில்லுங்கள். போகும்போது ஆன்லைன் பாடத்தை முடித்துவிட்டு, பெர்மிட், டி.ஓ.டி ஹெல்மெட், பூட்ஸ், முழுவிரல் கிளவுஸ், முழுக்கை எல்லாவற்றோடும் போங்கள். இடம் காலியாகி உங்களைக் கூப்பிடும் நேரத்தில் கடைக்கு ஓட முடியாது.